சாட்சியா வாழணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

இயேசு நமக்கு செஞ்சதை சொல்லியும் வாழ்ந்தும் காட்டுறதுதான் சாட்சி. சாட்சின்னதும் நிறைய பேருக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகம் வருது, ஆனா நம்மளை தெனமும் கவனிக்கிறவங்க வீட்ல இருக்குறவங்களும் கூட வேலை பாக்குறவங்களும்தான், அதனால அங்கேருந்தே ஆரம்பிங்க.

முதல்ல நம்ம வாய். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்'னு பைபிள்ல மத்தேயு 5:37ல இயேசு சொல்றாரு. வீட்ல உக்காந்துகிட்டே போன்ல 'வந்துட்டே இருக்கேன்'னு சொல்லாதீங்க. நாளைக்கு தரேன்னு சொன்ன காசை குடுக்க முடியலன்னா அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே கூப்ட்டு சொல்லிடுங்க. காலையில வசனம் அனுப்புற அதே வாட்ஸ்அப்ல மத்தியானம் உண்மையா பொய்யான்னு தெரியாத விஷயத்தை ஃபார்வர்ட் பண்ணா, அந்த வசனத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

அடுத்து நாம ரொம்ப ஈஸியா சொல்லிடுற 'உங்களுக்காக ஜெபம் பண்றேன்'. சொன்னா செய்யணும்ங்க. யாராவது 'அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்'னு சொன்னா பேரையும் நாளையும் அப்பவே போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, அன்னைக்கு காலையில ஜெபம் பண்ணுங்க, சாயங்காலம் 'அம்மா எப்படி இருக்காங்க, ராத்திரி ஆஸ்பத்திரியில துணைக்கு யாரு இருக்கா, நான் வரட்டுமா'ன்னு கேளுங்க. அந்த நேரத்துல பிரசங்கம் வேண்டாம். உதவி செஞ்சுட்டு அதுக்கு பதிலா சபைக்கு வரச் சொல்றதும் வேண்டவே வேண்டாம், கஷ்டத்துல இருக்குறவங்க வேண்டாம்னு சொல்ல முடியாத நிலைமையில இருப்பாங்க.

மன்னிப்பு கேக்குறதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம்னு நெனைக்கிறேன். சகோதரனுக்கு உன் மேல குறை இருக்குன்னா காணிக்கையை பலிபீடத்துக்கு முன்னாடியே வெச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகு (சமாதானமாகு)ன்னு மத்தேயு 5:23, 24ல இருக்கு, அதாவது ஆராதனையே கொஞ்சம் காத்திருக்கலாம். 'தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டு நிறுத்திடுங்க, 'ஆனா நீங்களும்'னு இழுக்காதீங்க. பிள்ளைங்ககிட்டயும் இப்படி கேக்கணும், வீட்ல நம்ம விசுவாசத்தை அவங்கதான் ரொம்ப கிட்டக்க பாக்குறாங்க. பண விஷயம்னா வார்த்தை மட்டும் பத்தாது, வரி வசூலிக்கிறவரா இருந்த சகேயு அநியாயமா வாங்குனதை 4 மடங்கா திருப்பித் தரேன்னு சொன்னாரே (லூக்கா 19:8), அந்த மாதிரி கையிலேருந்து போகணும்.

இப்படி வாழும்போது யாராவது ஒருநாள் 'உங்களால எப்படி இப்படி இருக்க முடியுது'ன்னு கேப்பாங்க. அப்ப பேசுங்க. 1 பேதுரு 3:15ம் கேக்குறவங்களுக்கு சாந்தத்தோடயும் வணக்கத்தோடயும் பதில் சொல்லத்தான் சொல்லுது. முன்னாடி எப்படி இருந்தீங்க, இயேசு உங்களுக்கு என்ன செஞ்சாரு, இப்ப எப்படி இருக்கீங்க, ரெண்டு நிமிஷம் போதும். 'அபிஷேகம்', 'பாரம்' மாதிரி நம்ம சபைக்குள்ள பேசுற வார்த்தைங்க வெளியில நிறைய பேருக்கு புரியாது, சாதாரணமா பேசுங்க. யோவான் 9ல இயேசுவால பார்வை கிடைச்சவரு, பரிசேயர்னு சொல்ற யூத மதத் தலைவருங்க கேட்ட எல்லாத்துக்கும் விளக்கம் குடுக்கல, குருடனா இருந்தேன் இப்ப பாக்குறேன், இது ஒண்ணு எனக்குத் தெரியும்னு சொன்னாரு. நீங்களும் தெரியாததை தெரியல, படிச்சுட்டு சொல்றேன்னு சொல்லுங்க. அவங்க நம்பிக்கையை மட்டம் தட்டாதீங்க. கேக்க இஷ்டமில்லன்னு சொன்னா பேச்சை விட்டுடுங்க, பழக்கத்தை விட்டுடாதீங்க, அடுத்த தடவை பாக்கும்போதும் அதே அன்போட அம்மா எப்படி இருக்காங்கன்னு கேளுங்க.