வேக்போர்டுக்குப் பூட்ஸ் பொருத்த ஒரு தகடு

போன மே மாத லீவுக்கு அண்ணன் மகன் துபாயிலிருந்து வந்தபோது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பலகையைத் தூக்கி வந்தான். படகு இழுக்க, தண்ணீர்மேல் நின்றபடி சறுக்கிப் போகிற வேக்போர்டு. பலகையை ஒருவரிடமும் பூட்ஸை இன்னொருவரிடமும் பழசாக வாங்கியிருக்கிறான். ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. சித்தப்பாவிடம் லேத் இருக்கிறதே!

"சித்தப்பா, போர்டுலயே புதுசா நாலு ஓட்டை போட்டுடலாமா?"

"ட்ரில்லைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். பலகைக்குள்ளே நுரை, மேலே ஃபைபர் கிளாஸ். நுரையில் மரை நிற்காது, ஓட்டை வழியாகத் தண்ணீரும் ஊறும். கம்பெனியில் பதித்த மரைக்குழாய்களை மட்டுமே நம்ப வேண்டும். நடுவில் ஒரு தகடு செய்து, அதில் பூட்ஸை மாட்டி, தகட்டைப் பலகையில் முடுக்குவதுதான் வழி.

முதலில் மரையைப் பாருங்கள். பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட்தான், மரை இடைவெளி 1 மி.மீ. விரலாலேயே கடைசி வரை இறங்க வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினாலோ லொடலொடத்தாலோ அது பழைய கால் அங்குல மரையாக இருக்கலாம். ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டாதீர்கள்.

அடுத்தது ஆழம். இதில்தான் நான் சொதப்பினேன். கையில் கிடைத்த 25 மி.மீ. போல்ட்டைச் சும்மா முடுக்கிப் பார்த்தேன். பலகையின் அடியில் சூடு பட்டது போல ஒரு கொப்புளம் எழும்பிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குழிக்குள் விடுங்கள், விளிம்பில் நகத்தால் கீறுங்கள், ஸ்கேலில் வையுங்கள். எனக்கு 12 வந்தது. அடி தட்டாமலிருக்க 2 விட்டால் 10. தகடு 5, வாஷர் 1.5 சேர்த்தால் 16.5. ஆக, 16 மி.மீ. போல்ட்.

சேலத்துக்காரன் என்பதால் கை முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத்தான் போனது. 200க்கு 180, 3 மி.மீ. தகடு ஒன்றே சுமார் 850 கிராம். காலில் அதைக் கட்டிக்கொண்டு யார் குதிப்பது? அதே அளவில் 5 மி.மீ. அலுமினியம் 500 கிராமுக்குள் அடங்கிவிடும். பாத்திரத் தகடு வளையும்; 6061 என்கிற கெட்டியான அலுமினியக் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

பூட்ஸ் அடியின் ஓட்டைகளைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் பதித்து, அதை வைத்துத் தகட்டில் சென்டர் பஞ்ச் அடித்தேன். பூட்ஸுக்கான போல்ட் அடியிலிருந்து மேலே வரும். தலை தகட்டுக்குள் புதைய கவுண்டர்சிங்க் போட வேண்டும், இல்லையென்றால் தகடு பலகையில் படியாது. பூட்ஸுக்கு உள்ளே நைலாக் நட், அதாவது கழலாமலிருக்க நைலான் வளையம் வைத்த நட். அது உள்ளங்காலைக் குத்தும், அதனால் செருப்புத் தைக்கிறவரிடம் ரப்பர் ஷீட் வாங்கி நட் வரும் இடத்தில் குழித்து, அதன்மேல் உள்ளடியை வைத்தேன்.

பலகை போல்ட்டுக்கு வட்ட ஓட்டை போடாதீர்கள். முன்கால் 15 பாகை திரும்ப வேண்டும், பின்கால் நேராக நிற்க வேண்டும் என்றான். நாளைக்கு மாற்றச் சொல்வான். வரிசையாக 6.5 மி.மீ. ஓட்டைகள் போட்டு, நடுச்சுவர்களை அரத்தால் ராவி, வளைந்த காடியாக்கினேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போயிற்று. வெளி விளிம்பையும் மழுங்க ராவுங்கள், கணுக்காலைக் கிழித்துவிடும்.

போல்ட் மட்டும் ஸ்டெயின்லெஸ். கடல் தண்ணீரில் அது அலுமினியத்தைத் தின்னும். அதனால் நடுவில் நைலான் வாஷர். மரையில் நீல நிற லாக்டைட், அதாவது மரை கழலாமல் பிடிக்கிற பசை, ஒரு சொட்டு. பூட்ஸ் கழன்றுவிடும் என்று பயந்து கூடுதல் வார் போட்டுக் கட்டாதீர்கள். பலமாக விழும்போது கால் உருவிக்கொண்டு வர வேண்டும்.

மொட்டை மாடியில் இரண்டு பழைய டயர்மேல் பலகையை வைத்து அவனை நிறுத்தி, இடுப்பில் துண்டைக் கட்டி நானும் அண்ணனும் இழுத்தோம். தகடு அசையவில்லை, அண்ணன்தான் விழுந்தார். முதல் இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு எட்டு போல்ட்டையும் மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொல்லி, மல்கோவா பெட்டிக்குள் நாலு போல்ட்டும் ஆலன் சாவியும் கூடுதலாகப் போட்டு அனுப்பினேன்.