டயட் இருக்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

"அட, நல்லா இளைச்சிட்டியே! சூப்பரா இருக்கே!" தயவுசெய்து இதை முதலில் நிறுத்துங்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை சில மாதங்களில் எடை குறைந்து வந்து நின்றால், எப்படிக் குறைந்தது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமலேயே பாராட்டிவிடுகிறோம். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்திருக்கலாம், மனசு சரியில்லாமல் இருக்கலாம், ஏதாவது நோய்கூட இருக்கலாம். நமக்கு எதுவும் தெரியாது, ஆனாலும் பாராட்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதைக் கேட்கும் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? இத்தனை நாள் நான் பார்க்க நன்றாக இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இனி கொஞ்சம் ஏறினாலும் கவனிப்பார்கள் என்றுதான். உணவுக் கோளாறில், அதாவது சாப்பாடு, எடை பற்றிய பயமும் தவிப்பும் மனதைப் பிடித்துச் சாப்பிடும் முறையையே குலைக்கும் நோயில், சிக்கிய பிள்ளைக்கு அந்தப் பாராட்டே அடுத்த வேளையைத் தவிர்க்கக் காரணமாகிவிடும்.

கேலியும் அப்படித்தான். செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்று உடம்பை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது, சொந்தக்காரர்கள் நடுவில் "இவ சாப்பாட்டுல கொஞ்சம் கை வைக்கணும்" என்று சிரிப்பது, எதுவும் வேண்டாம். பிள்ளையும் சேர்ந்து சிரித்தால் அதற்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, வளரும் உடம்பைப் பெருத்துப்போன உடம்பாகப் பார்ப்பது. பருவம் எட்டும் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை. சில பிள்ளைகள் முதலில் அகலமாகி, அப்புறம்தான் மளமளவென்று உயர்வார்கள். இந்த இடைவெளியில் பயந்துபோய் டயட் சார்ட் தேடத் தொடங்குகிறோம். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) எல்லைகளைப் பிள்ளைகளுக்கு அப்படியே போட்டுப் பார்ப்பதும் தவறு. அவர்களுக்கு வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. அதில் முக்கியம் ஒரு நாளைய புள்ளி இல்லை, சிறு வயதிலிருந்து அந்தப் பிள்ளையின் கோடு எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான். குழந்தைநல மருத்துவர் ஐந்து நிமிடத்தில் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

"ஒரு மாசம் டயட் இருந்தா என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, ஜார்ஜ் பேட்டன் குழுவினர் 1999இல் வெளியிட்டது. கடுமையாக டயட் இருந்த பெண் பிள்ளைகளுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட, ஆறு மாதத்துக்குள் உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு 18 மடங்காக இருந்தது. மிதமாக இருந்தவர்களுக்கே 5 மடங்கு. டயட் இருக்கும் எல்லோருக்கும் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை, ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் விஷயமும் இல்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2016இல் தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வளரிளம் பிள்ளைகளை டயட்டுக்குத் தள்ளாதீர்கள், வீட்டில் எடைப் பேச்சும் கேலியும் வேண்டாம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். உடல்பருமன், உணவுக் கோளாறு இரண்டையும் தடுக்க அவர்கள் சொன்ன வழி இது. எடையைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவரே சொன்னால்கூட, அந்தப் பிள்ளையின் தட்டை மட்டும் தனியாகப் பிரிக்காமல் வீட்டு உணவையே எல்லோருக்குமாக மாற்றுங்கள்.

இனி நான் சொல்லப் போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சாப்பிட மறுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரி, நடிக்கிறாள், கவனம் ஈர்க்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டுவது. பசி மனதை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததால் வரும் தவறு இது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை தொடங்கினார். பட்டினியால் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் அது. உடலும் மனமும் ஆரோக்கியமாக இருக்கிறது என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கத்தில் பாதி அளவு உணவுதான். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. மனதில் நடந்ததுதான் திகைக்க வைக்கிறது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். அதுவரை சமையலறைப் பக்கம் போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். கொடுத்த கொஞ்சத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, வெகுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எந்நேரமும் குளிர்கிறது என்றார்கள். இவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் ஏதாவது செய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் ஒரு வாய்கூட எடுக்காமல், கேட்டால் கத்தி, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை. அதன் குணம் மாறிவிட்டது என்று உடைந்துபோகிறோம். அந்தக் கோபத்திலும் ஒதுங்கலிலும் பெரும்பங்கு பசியின் வேலை. அதனால்தான் "முதலில் மனசு மாறட்டும், அப்புறம் தானா சாப்பிடும்" என்று காத்திருப்பது ஆபத்து. உணவு உள்ளே போகாமல் மனசு தெளியாது. எத்தனை நல்ல கவுன்சலிங்கும் பட்டினியில் இருக்கும் மூளைக்குள் சரியாக இறங்குவதில்லை.

சாப்பிடும் இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அரை மணி நேரமாகப் பிள்ளை தட்டில் இருப்பதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கிறது. "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சேன்" என்கிறார் அம்மா. "சாப்பிடலைன்னா போன் கிடையாது" என்கிறார் அப்பா. இடையில் யாரோ ஆறுதலாக, "நீ ஒண்ணும் குண்டா இல்லம்மா" என்கிறார். மூன்றுமே உதவாது. முதலாவது குற்ற உணர்வைக் கூட்டுகிறது, இரண்டாவது சாப்பாட்டைத் தண்டனையோடு முடிச்சுப் போடுகிறது, மூன்றாவது பேச்சைத் திரும்பவும் உடம்பின் மேலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. கலோரி கணக்கில் வாதாடவும் வேண்டாம், அந்தக் கணக்கில் பிள்ளை நம்மைவிடத் தேர்ந்திருக்கும். குரலை உயர்த்தாமல், "இது உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. நான் பக்கத்துலயே இருக்கேன். இன்னொரு வாய் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். பத்து முறை சொல்ல வேண்டி வந்தாலும் அதே வார்த்தைகள் போதும். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சையும் இந்த அடிப்படையில் நடப்பதுதான். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலம் பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளை தேறத் தேற அந்தப் பொறுப்பைத் திருப்பித் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: பல நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரலாம். அந்த நிலையில் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடங்காதீர்கள்.

பார்த்தால் ஒல்லியாக இல்லையே, அப்படியென்றால் நோய் இல்லை என்று விட்டுவிடுவதும் நிறைய நடக்கிறது. முன்பு பருமனாக இருந்த பிள்ளை வேகமாக இளைத்து, பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியும். உள்ளே நாடித்துடிப்பு குறைந்து, மாதவிடாய் நின்றுபோயிருக்கும். புலிமியா, அதாவது அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் வெளியேற்றும் நோய், உள்ளவர்களின் எடை பெரும்பாலும் மாறியதே தெரியாது. பையன்களை நாம் சந்தேகிப்பதே இல்லை. ஒல்லியாக இருக்கிறேன், தசை போதவில்லை என்ற தவிப்பில் ஜிம்மே கதியாக, புரோட்டீன் பவுடரும் கணக்குப் போட்ட சாப்பாடுமாக இருப்பவனைக் கட்டுப்பாடான பையன் என்று மெச்சுகிறோம். ஒரு நாள் ஜிம்முக்குப் போக முடியாவிட்டால் அவன் தவித்துப்போகிறானா என்று பாருங்கள்.

போனைப் பிடுங்கி வைப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இன்ஸ்டாகிராமின் சொந்த ஆய்வுக் குறிப்புகள் 2021இல் வெளியே வந்தபோது, உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பெண் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் அந்தச் செயலி வருத்தத்தை அதிகமாக்கியது என்று சொன்னது தெரியவந்தது. கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் பிடுங்கினால் ஒளிந்து பார்ப்பார்கள், கூட உட்கார்ந்து எந்தப் பக்கங்கள் மனசைக் கெடுக்கின்றன என்று பேசி விலக்குவது மேல். அப்படியே கண்ணாடி முன்னால் நின்று உங்கள் வயிற்றை நீங்களே திட்டுவதையும் விட்டுவிடுங்கள், பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனைக்குப் போய், "ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்" என்று கேட்டு நிம்மதியாகத் திரும்புவது இன்னொரு தவறு. நோய் முற்றியிருந்தாலும் முடிவுகள் சரியாக வரலாம். நாடித்துடிப்பு, படுத்தபோதும் நின்றபோதும் ரத்த அழுத்தம், ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் பார்த்தார்களா என்று கேளுங்கள். விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழ் இருந்தால், மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், சாக வேண்டும் என்று பேசினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வாந்தி எடுக்கும் பழக்கம் இருப்பது தெரிந்தால் திட்டாதீர்கள். எடுத்த உடனே பல் தேய்க்காமல் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் எனாமல் இன்னும் கரையும். நாங்கள்தான் காரணமோ என்று குமைந்து நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். இதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது, உங்களைக் குற்றம் சாட்டினால் பிள்ளை தேறாது.

கடைசியாக, எடை திரும்பியதும் சிகிச்சையை நிறுத்திவிடுவது. உடம்பு முதலில் தேறும், பயம் பல மாதங்கள் கழித்துத்தான் விலகும். பரீட்சை, விடுதி வாழ்க்கை, காய்ச்சலில் நாலு நாள் சாப்பிடாமல் கிடப்பது, எது வேண்டுமானாலும் பழைய வழிக்கு இழுக்கலாம். விளையாட்டுக்குத் திரும்புவதையும் தனியாகச் சாப்பிடுவதையும் மருத்துவரைக் கேட்டு ஒவ்வொன்றாக விடுங்கள்: முதலில் மாலைச் சிற்றுண்டி மட்டும், அது இரண்டு வாரம் சரியாகப் போனால் மதியச் சாப்பாடு, நடுவில் தடுமாறினால் திட்டாமல் மறுபடியும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.