கேப் மே போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

நியூ ஜெர்சியின் தென்கோடியில் இருக்கிற கேப் மே பாயின்ட் ஸ்டேட் பார்க்குக்கு இலையுதிர் காலத்தில் பறவை பார்க்கப் போகிற பலர், எந்தச் சனிக்கிழமை வசதிப்படுகிறதோ அன்றைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். மழை பெய்து ஓய்ந்து சட்டென்று குளிர் இறங்கியதற்கு மறுநாள், வானிலை ஆப்பில் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதாகக் காட்டுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். தெற்கே போகிற பறவைகளை அந்தக் காற்று கடலோரத்துக்குத் தள்ளும், அவை கரையைப் பிடித்துக்கொண்டே வந்து, ஒரு பக்கம் அட்லாண்டிக், மறு பக்கம் டெலவேர் விரிகுடா என்று நிலம் குறுகி முடிகிற இந்த முனையில் குவிந்துவிடும். எதிர்க்கரைக்குச் சுமார் 11 மைல் தண்ணீர். அதைத் தாண்டத் தயங்கித்தான் வேட்டைப் பறவைகள் தலைக்கு மேலேயே சுற்றுகின்றன. முக்கால்வாசி இந்த வருடக் குஞ்சுகள், முதல் பயணம் அவற்றுக்கு.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதிவரை நல்ல காலம். பைரிக்காகவே, அதாவது பெரிக்ரின் ஃபால்கனுக்காகவே போவதென்றால் அக்டோபர் முதல் வாரம்.

விடியும்போது பக்கத்திலிருக்கிற ஹிக்பீ பீச்சில் நில்லுங்கள், இரவெல்லாம் பறந்துவந்த சின்னப் பறவைகள் மரங்களுக்கு மேலே சரசரவென்று போகும். வெயில் ஏறியதும் பார்க்குக்கு வந்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1859-இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டியே ஒரு பெரிய மர மேடை இருக்கிறது. 1976 முதல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இங்கே வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். எண்ணுகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், உயரத்தில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும், முதலில் உருவத்தைப் பாருங்கள். இறக்கையை லேசாக வி மாதிரி தூக்கி, தள்ளாடித் தள்ளாடி மிதந்தால் டர்க்கி வல்ச்சர் என்கிற பிணந்தின்னிக் கழுகு. கொஞ்சம் மடங்கிய இறக்கை, வெள்ளை வயிறு, மணிக்கட்டில் கறுப்புத் திட்டு என்றால் விராலடிப்பான் (ஆஸ்ப்ரே), நம் ஊர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனம். கூரான இறக்கையை அழுத்தமாக அடித்து நேராகப் போனால் பைரி. எல்லோரும் திணறுவது ஷார்ப்-ஷின்ட் ஹாக், கூப்பர்ஸ் ஹாக் என்று ஒரே மாதிரி தெரிகிற இரண்டு வேட்டைப் பறவைகளைப் பிரிப்பதில்தான். ஷார்ப்-ஷின்ட் சின்னது, தலை இறக்கைக்கு முன்னால் அவ்வளவாக நீட்டிக்கொண்டிருக்காது, வால் நுனி வெட்டிவிட்ட மாதிரி நேராக இருக்கும், படபடவென்று அடித்துவிட்டுச் சறுக்கும். கூப்பர்ஸுக்குத் தலை நன்றாக முன்னே துருத்தும், வால் நீளமாக, நுனி வட்டமாக இருக்கும். காற்றடிக்கிற நாளில் வால் விரிந்து சுருங்கி ஏமாற்றும், அதனால் தலையை நம்புங்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும், அதிகப் பெருக்கம் வேண்டாம், கை ஆட்டத்தில் பறவை தப்பிவிடும். மேகமே இல்லாத நீலவானத்தில் புள்ளியாகப் போகிறதைக் கண்டுபிடிப்பது சிரமம், மேகம் ஏதாவது இருந்தால் அதன் ஓரமாகத் தேடுங்கள். அப்புறம், பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள், உண்ணி அதிகம். முழு பேன்ட் போட்டுக்கொண்டு, பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள்.