உடுமலைக் காற்றில் ஒரு ரோலர் கோஸ்டர்: ஆர்டர் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாமாவுக்கு உடுமலைப் பக்கம் சின்னதாக ஒரு தண்ணீர்ப் பூங்கா உண்டு. சித்திரை, வைகாசியில் நிற்க இடமிருக்காது. ஆனி, ஆடியில் காற்றாலைகளுக்குத்தான் கொண்டாட்டம். எங்கள் குளத்தில் ஆளே இறங்காது. ‘தண்ணி இல்லாம ஓடற மாதிரி ஏதாவது போட்றலாமா மாப்ள?’ என்று ஒரு பூப்பறிக்கிற நோம்பி அன்று ஆரம்பித்தார். கோவை கணபதியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவனுக்கு ரோலர் கோஸ்டரும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும், அதுவும் தப்புப் பண்ணித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்டிங் மெஷின் இருக்கிறதே என்று யாரும் தண்டவாளம் வளைக்கக் கிளம்ப வேண்டாம். வடிவமைப்பு என்பது ஈஎன் 13814, ஏஎஸ்டிஎம் எஃப்2291 மாதிரியான தரவிதிகளில் பழகியவர்கள் வேலை. நம் நாட்டில் ஐஎஸ் 15475 இருக்கிறது. விற்க வருபவர் மேசையில் விரிக்கும் படத்தை எப்படிப் படிப்பது, எதைக் கேட்பது, அவ்வளவுதான் இந்தப் பதிவு. எக்செல்லும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் போதும்.

படி 1: உயரத்தை விடுங்கள், சீட்டை எண்ணுங்கள்

விற்பனையாளர் முதலில் சொல்வது உயரமும் வேகமும். குடும்பப் பூங்காவுக்கு அது இரண்டாம் பட்சம். 1884-இல் நியூயார்க் கோனி ஐலண்டில் தாம்சன் என்பவர் ஓட்டிய ரோலர் கோஸ்டர் ரயிலின் வேகம் மணிக்கு 10 கி.மீ. சொச்சம். நம்மூர் டிவிஎஸ் எக்ஸெல் அதைவிட வேகம். அதற்கே ஐந்து சென்ட் கொடுத்து ஜனம் வரிசையில் நின்றது. பேரனும் அப்பத்தாவும் ஒரே பெட்டியில் உட்கார முடிகிறதா என்பதுதான் நமக்குக் கேள்வி.

கணக்கு எளிது. எங்களுக்குக் காட்டிய ரயிலில் 16 சீட். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை கிளம்பும் என்றார்கள். மணிக்கு 24 நடை, 384 பேர். நான் வேறொரு பூங்காவில் இதே அளவு ரைடு முன்னால் ஸ்டாப்வாட்சோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி, பையைக் கொடுத்து, சேலைத் தலைப்பைச் செருகி, பையனைச் சமாதானப்படுத்தி, தடுப்புக் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக் கிளம்ப நான்கு நிமிடம் ஆகிறது. மணிக்கு 15 நடை, 240 பேர். ஏழு மணி நேரத்துக்கு 1,680. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போட்டு ஞாயிறு 2,000 பேர் வந்தால், 320 பேர் ஏறாமலே வீட்டுக்குப் போவார்கள், திட்டிக்கொண்டே.

‘அப்போ ரெண்டு ரயில் விட்டா?’ என்றார் மாமா. தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்பது விதி. அடுத்த பகுதி காலியாகும் வரை பின்னால் வருவது நின்றாக வேண்டும். ரயிலைவிட ஒரு பகுதியாவது கூட வேண்டும். எங்கள் 260 மீட்டர் தடத்தில் அதற்குச் செலவழிப்பதைவிட, ஏறுமிடத்தில் இரண்டு ஆட்களைக் கூடப் போடுவது மேல்.

படி 2: காசு

ரைடின் விலை வேறு, ரைடு ஓடும் விலை வேறு. சுங்கம், கிரேன், அஸ்திவாரம், டிரான்ஸ்ஃபார்மர், வேலி, வரிசைக்கு நிழல்கூரை, உதிரிச் சக்கரம் எல்லாம் சேர்த்த பிறகுதான் கால்குலேட்டரைத் தொடுங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 4 கோடி என்று வையுங்கள். ஒரே டிக்கெட் பூங்காவில் இந்த ரைடுக்கென்று தனி வசூல் கிடையாது. இதற்காகக் கூடுதலாக வருபவர்கள் மட்டுமே கணக்கு. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் நம் பக்கம் திரும்புவார்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 20,000 பேர், வரியும் செலவும் போக ஆளுக்கு 350 ரூபாய் என்றால் 70 லட்சம். ஆள் சம்பளம், மின்சாரம், இன்சூரன்ஸ், பராமரிப்பு 20 லட்சம் போக மீதி 50. எட்டு வருஷத்தில் போட்டது வந்துவிடும் என்று மாமா துள்ளினார். 4 கோடியும் 11 சதவீத வங்கிக் கடனாக இருந்தால் முதல் வருஷ வட்டியே 44 லட்சம். துள்ளல் நின்றது. கடைசியில் பாதிக்கு மேல் கைக்காசு, ஒரு தோட்டத்தை விற்றது.

படி 3: உயரம்தான் பெட்ரோல்

நான் விழுந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

மேலே ஏற்றிவிட்ட பிறகு ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி 12 மீட்டருக்கு இழுத்துவிட்டால், கையில் 12 மீட்டர் ‘இருப்பு’ இருக்கிறது. எந்த இடத்திலும் இருப்பிலிருந்து தடத்தின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவதே வேகம்: மிச்ச மீட்டரை 2 × 9.81-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். உராய்வே இல்லையென்றால் 12 மீட்டர் இறக்கத்தின் அடியில் 15.3, அதாவது மணிக்கு 55 கி.மீ.

உராய்வு உண்டு. அதனால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இருப்பில் கழித்துக்கொண்டே போக வேண்டும். எக்செல்லில் ஐந்து பத்தி: தூரம், தட உயரம், கழிவு, இருப்பு, வேகம். நான் எடுத்த மதிப்புகள்: சக்கர உராய்வு 0.017 (100 மீட்டருக்கு 1.7 மீட்டர் போகும்), காலி ரயில் 2,000 கிலோ, ஆள் நிரம்பினால் 2,960, காற்றை எதிர்க்கும் பரப்பு 2 சதுர மீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 10 மீட்டர்.

நிரம்பிய ரயிலுக்கு, காற்றில்லாத நாளில், 100 மீட்டருக்கு 2.1 மீட்டர் கழிகிறது. எங்கள் மூன்றாவது மேடு, இறக்கம் தொடங்கி 130-வது மீட்டரில், உயரம் 8. இருப்பு 12-லிருந்து 9.3 ஆகியிருக்கும், 1.3 மீட்டர் மிச்சத்தில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அழகாகத் தாண்டும். ‘ஓகே’ என்று கையெழுத்துப் போட்டேன். மணல் மூட்டை ஏற்றிய சோதனை ஓட்டத்திலும் தாண்டியது.

மறுநாள் காலை காலி ரயிலை விட்டோம். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாயின் மேற்குக் காற்று முகத்தில் அறைகிறது. மூன்றாவது மேட்டில் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வரை ஏறி, யோசித்து, பின்னால் வந்தது. பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி ஆடி நின்றது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தார். ‘ஆடி நோம்பிக்குத் தூரி கட்டிட்ட போலிருக்குது மாப்ள.’ தூரி என்றால் எங்கள் பக்கம் ஊஞ்சல். செயின் பிளாக் போட்டு இழுத்து முடிக்க மத்தியானம் இரண்டு மணி.

காரணத்தை அன்று ராத்திரிதான் எக்செல்லில் பார்த்தேன். சக்கர உராய்வு எடையோடு சேர்ந்து கூடும், குறையும். அதனால் காலியோ நிறைவோ மீட்டர் கழிவு ஒன்றுதான். காற்றின் எதிர்ப்பு அப்படியில்லை. அதற்கு ரயிலின் எடை தெரியாது. அதே விசை இலேசான ரயிலிடமிருந்து அதிக உயரத்தைப் பிடுங்கும். போதாததற்கு அது வேகத்தின் வர்க்கத்தில் வளரும்: நொடிக்கு 10 மீட்டரில் போகும் ரயிலின் முகத்தில் 8 மீட்டர் காற்று வீசினால், ரயில் உணர்வது 18. எதிர்ப்பு 3.24 மடங்கு. காலி ரயில் மேற்கு நோக்கி ஓடும்போது 100 மீட்டருக்கு 3.6 மீட்டர் போகிறது. முதல் 50 மீட்டர் காற்றில்லாமல் போய், அடுத்த 80 மீட்டர் எதிர்க்காற்றில் போனால் இருப்பு 7.97. மேடு 8. மூன்று சென்டிமீட்டர் குறைவு, அவ்வளவுதான்.

அதனால் ஒரே தாளில் நான்கு கணக்குப் போடுங்கள்: நிறைவு-காற்றில்லை, நிறைவு-எதிர்க்காற்று, காலி-காற்றில்லை, காலி-எதிர்க்காற்று. நான்காவதில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது என் சொந்தக் கறார்.

இன்னொன்று, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது. சங்கிலி ஏற்றத்தை மேற்கு பார்த்து வையுங்கள். அங்கே காற்றோடு மல்லுக்கட்டுவது மோட்டார்; ரயிலின் இருப்பு குறையாது. சுற்றி வந்து சேரும் தடம் என்பதால் மிச்ச ஓட்டம் மொத்தத்தில் கிழக்கு நோக்கி, காற்றோடு போகும். எங்களுடையது நேர் எதிர். சூரியனைப் பார்த்துத்தான் ஏற வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லி, மாமா பிடிவாதம் பிடித்தார். வாஸ்துக்காரருக்கு ஈசானிய மூலை தெரிந்தது, கணவாய் தெரியவில்லை. அஸ்திவாரம் போட்ட பிறகு திருப்ப முடியுமா? தயாரிப்பாளரின் வடிவமைப்பாளர் மறுபடி கணக்குப் போட்டு, மூன்றாவது மேட்டை 6.5 மீட்டராக்கினார். மூன்று தூண், இரண்டு துண்டுத் தடம், இரண்டு மாதம்.

கருவிகள்: போனில் வரும் வானிலை ஆப்பை நம்பாதீர்கள். கிண்ணம் சுழலும் காற்றுமானி ஒன்று வாங்கி 12 மீட்டர் கம்பத்தில் கட்டி, ஒரு ஆனி-ஆடி முழுக்க எழுதி வையுங்கள். தடத்தை ஓட்டிப் பார்க்க நோலிமிட்ஸ் 2 நல்ல மென்பொருள்; பார்க்க அழகாக இருப்பதாலேயே ஆபத்தும்கூட. மாமா அதைப் பார்த்துத்தான் மயங்கினார். எக்செல் யாரையும் மயக்காது.

படி 4: குட்டிக்கரணம் வேண்டாம்

தலைகீழாகச் சுற்றும் வளையம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சரியான வட்டமாக வளைத்தால், உச்சியைத் தாண்டப் போதுமான குறைந்தபட்ச வேகத்தில் போனாலும் அடியில் உடம்பு எடை ஆறு மடங்காகும். அதனால்தான் 1976-இல் கலிஃபோர்னியாவில் ஷ்வார்ஸ்கோஃப் என்ற ஜெர்மன் தயாரிப்பாளர் கட்டிய ‘ரெவல்யூஷன்’ ரைடுக்குப் பொறியாளர் ஸ்டெங்கல் கண்ணீர்த்துளி வடிவ வளையம் போட்டார்: அடியில் அகலம், மேலே குறுகல். அப்பத்தாவுக்கு இது எதுவும் வேண்டாம்.

படி 5: தூணுக்கு ஒரு காற்று, ஓட்டத்துக்கு ஒரு காற்று

கட்டுமானங்களுக்கான நம் நாட்டுத் தரவிதி ஐஎஸ் 875-இல் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. அது தூண் விழாமல் நிற்க. எவ்வளவு காற்றில் ரைடை நிறுத்த வேண்டும் என்பது வேறு எண், அதைவிட மிகக் குறைவு, தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஆபரேட்டர் அறையில் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: ‘போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றுதானே, சரிக்குச் சரியாகிவிடாதா?’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 18-இன் வர்க்கம் 324; திரும்பும்போது 10 − 8 = 2, அதன் வர்க்கம் 4. சராசரி 164. காற்றில்லாமல் போனால் 100. சரிக்குச் சரி ஆகாது, காற்று எப்போதும் வட்டி எடுத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 2: மார்கழிக் காலையில் முதல் நடை மெதுவாகப் போகிறது என்று எங்கள் ஆபரேட்டரே சொன்னார். கிரீஸும் சக்கர ரப்பரும் சில்லென்று இருக்கும். கதவு திறக்கும் முன் நான்கைந்து தடவை காலியாக ஓட்டுங்கள், சூடேறிவிடும்.

பின்சேர்க்கை 3: பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர் கரிசல் மண்ணைப் பற்றிக் கேட்டார். எங்களுக்குச் செம்மண், ஆழத்தில் பாறை, அதனால் நான் இதை எழுதாமலே விட்டுவிட்டேன். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு தூண் ஏறி அடுத்தது இறங்கினால் தடத்தின் இணைப்பில் படிக்கட்டு விழும். மண் பரிசோதனை இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள். அடியில் குமிழ் வைத்த அண்டர்ரீம்டு பைல் அஸ்திவாரம் இந்த மண்ணுக்கென்றே நம் நாட்டில் வளர்த்தெடுத்த முறை, அதைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்து எல்லாத் தூண் உச்சியையும் சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒருமுறை அளந்து ஒரே நோட்டில் எழுதுங்கள்.