யாவ்லென்ஸ்கியின் நடனக் கலைஞரை வரைந்து வண்ணம் பழகுவது

எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியம் (கண்ணில் படுவதை அப்படியே காட்டாமல், உணர்வை வண்ணத்தாலும் கோட்டாலும் காட்டும் பாணி) என்றால் மனம்போன போக்கில் வண்ணத்தை அப்புவது என்று நினைப்பவர்கள், அப்படி ஒரு படத்தைப் பார்த்து ஒரு முறை முழுசாக வரைந்து பார்க்க வேண்டும். ரஷ்ய ஓவியர் அலெக்சி யாவ்லென்ஸ்கி 1909-ல் வரைந்த நடனக் கலைஞர் அலெக்சாண்டர் சகாரோவின் உருவப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மியூனிக்கில் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சகாரோவ் மேடை வேடத்தோடு வந்து நிற்க, அரை மணி நேரத்துக்குள் யாவ்லென்ஸ்கி வரைந்து முடித்தார் என்றும், திருத்தித் திருத்திக் கெடுத்துவிடுவாரோ என்று பயந்து சகாரோவ் ஈரம் காயாத படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றும் சொல்வார்கள்.

முதலில் பழக இதைச் சொல்லக் காரணம், பெரிய வடிவங்கள் நான்குதான்: சிவப்பு உடை, வெளுத்த முகம், கருத்த முடி, நீலப்பச்சைப் பின்னணி.

மூலப்படம் அட்டையில் எண்ணெய் வண்ணம், கிட்டத்தட்ட சதுரம். உங்களுக்கு அக்ரிலிக்கே போதும். ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிய தடிமனான அட்டை, அகலமான பிரஷ் ஒன்று, கொஞ்சம் மெல்லியது ஒன்று. வண்ணங்களில் காட்மியம் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், விரிடியன் பச்சை, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, வெள்ளை. கறுப்பு டியூப் வேண்டாம், அல்ட்ராமரைனையும் அம்பரையும் கலந்தால் வரும் கருமை இன்னும் உயிரோடு இருக்கும்.

பென்சிலைத் தொடாதீர்கள். பென்சில் கோடு போட்டுவிட்டால் கை அதற்குள் வண்ணம் நிரப்பத்தான் பார்க்கும். தண்ணீர் விட்ட நீலத்தில் பிரஷாலேயே தலையின் சாய்வு, தோள், உடையின் எல்லை இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், கண்ணும் வாயும் அப்புறம். பிறகு கண்களைச் சுருக்கிப் படத்தைப் பார்த்து, நான்கு வடிவங்களையும் ஒரே மூச்சில் நிரப்புங்கள். சிவப்பும் நீலப்பச்சையும் எதிரெதிர் வண்ணங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இரண்டும் கத்தும், அதனால் உடையை இன்னும் பளிச்சென்று ஆக்க மேலே மேலே சிவப்பு போடுவதில் பலனில்லை, பின்னணியைச் சரிசெய்யுங்கள்.

முகத்துக்குத்தான் நிறைய நேரம் தர வேண்டும். தோல் நிறம் கலக்க ஆரம்பித்தால் படம் அங்கேயே செத்துவிடும். வெள்ளையில் துளி ஓக்கர் சேர்த்து அடித்தளம் போட்டு, நிழல் விழும் இடத்தில் பழுப்புக்குப் பதில் வெளிறிய பச்சையை வையுங்கள். பச்சையா என்று கை தயங்கும், ஆனால் அதன் வெளிச்ச அளவு சரியாக இருந்தால் கண் அதை நிழலாகவே ஏற்றுக்கொள்ளும். சந்தேகம் வந்தால் போனில் மூலப்படம், உங்கள் படம் இரண்டையும் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து ஒப்பிடுங்கள். நிறம் வேறாக இருக்கலாம், வெளிச்சமும் இருட்டும் பொருந்த வேண்டும்.

கடைசியாகக் கருங்கோடுகள். ஒரே தடிமனில் சுற்றி வளைக்காதீர்கள், கண்ணோரத்தில் அழுத்தி, கன்னத்தில் விட்டுவிட்டு, தோளில் ஒரே இழுப்பாக. மணிக்கட்டால் இழுத்தால் கோடு நடுங்கும், தோளிலிருந்து கை அசைய வேண்டும்.

அரை மணிக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் பிரஷைக் கழுவிவிடுங்கள், கோணலாக வந்திருந்தாலும் சரி. மறுநாள் புது அட்டையில் திரும்ப வரையுங்கள், இம்முறை சிவப்பு உடையை மஞ்சளாக்கி, அதற்கேற்பப் பின்னணியும் முக நிழலும் எந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்று நீங்களே முடிவெடுங்கள்.