நெல் வயலில் சாரஸ் கொக்குக் கூடு: காவல் காப்பது எப்படி

மாட்டின் பின்னால் திரியும் வெள்ளைக் கொக்குக்கும் சாரஸுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. சாரஸ் ஆறடி வரை நிற்கும். பறக்கும் பறவைகளில் இதுவே மிக உயரமானது. பின்விரல் குட்டை என்பதால் மரக்கிளையைப் பற்றி உட்காராது. கூடு கட்டுவது தரையில், ஆழமில்லாத தண்ணீருக்கு நடுவே. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி மாவட்டங்களில் நெல் வயலுக்குள்ளேயே கூட்டைப் பார்க்கலாம்.

மழைக்காலம், அதாவது ஜூலை முதல் செப்டம்பர் வரை தேடுங்கள். நாணலும் நெல் தாளும் குவித்த, ஆறடி அகலம்வரை போகும் மேடுதான் கூடு. முதலில் வயல்காரரைக் கேளுங்கள். கூடு கட்டப் பறவை பயிரைப் பிடுங்கிய இடம் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

வரப்பில் குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆள் நெருங்கினால் பறவை எழுந்துவிடும். உச்சி வெயிலில் முட்டை வெந்துபோகும், காக்கையும் கொத்தும். பயிரை விலக்கி நடந்த தடமே நாய்க்கு வழியாகிவிடும். படம் எடுக்கும் ஆசையில் கெட்ட கூடுகள் உண்டு.

அடைகாக்கத் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 31 முதல் 34 நாளில் குஞ்சு பொரிக்கும். அதுவரை முக்கிய வேலை தண்ணீரைக் காப்பது. களையெடுக்கவோ உரமிடவோ வயலை வடித்தால் நாய் நேராகக் கூட்டுக்கு நடந்து வரும். வடித்தே ஆக வேண்டுமென்றால் கூட்டைச் சுற்றி வட்டமாகச் சிறு வரப்புப் போட்டு, அதற்குள் மட்டும் நீரை நிறுத்துங்கள். அந்தப் பகுதியில் பூச்சிமருந்து வேண்டாம். மழையில் நீர் ஏறினால் பறவைகளே தாளைச் சேர்த்துக் கூட்டை உயர்த்தும். நீங்கள் கை வைக்காதீர்கள்.

வயல்காரருக்கு அழிந்த நெல்லின் விலையைக் கொடுப்பது நியாயம். கூட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது நல்லதல்ல. காசு நின்ற வருடம் காவலும் நின்றுவிடும்.

பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் பெற்றோரோடு நடக்கத் தொடங்கும். பயிருக்குள் தனியாகப் பதுங்கியிருக்கும் பழுப்புக் குஞ்சைத் தூக்கி வராதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டில் வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

சுமார் மூன்று மாதத்தில் பறக்கும். அப்போது பெரிய ஆபத்து மின்கம்பி. அடிபட்ட பறவை கிடைத்தால் கம்பத்தின் எண்ணையும் தேதியையும் குறித்து வனத்துறைக்கும் மின்துறைக்கும் எழுதிக் கொடுங்கள். எந்த இடத்துக் கம்பியில் பறவையின் கண்ணுக்குத் தெரியும் அடையாளத் தகடுகளை மாட்டுவது என்று அதை வைத்துத்தான் கேட்க முடியும்.