புதுக் கிறிஸ்துமஸ் பாட்டு நிலைக்குமா? சோதித்துப் பார்க்கும் முறை

நவம்பர் பிறந்தால் ஆங்கில பாப் உலகில் கிறிஸ்துமஸ் பாடல்கள் கொத்துக்கொத்தாக வந்து இறங்கும். ஜனவரி முதல் வாரத்தில் பெரும்பாலானவை சுவடில்லாமல் போய்விடும். எது அடுத்த டிசம்பரில் திரும்பி வரும் என்று வெளியான வாரத்திலேயே அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. எது திரும்பாது என்பதை மட்டும் ஓரளவு துணிந்து சொல்லலாம். அதற்கான சோதனைகள் இவை. வானொலிக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பவர், பாடகர் குழு நடத்துபவர், தானே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுத உட்கார்ந்திருப்பவர் என்று யாருக்கும் இவை பயன்படும்.

"நிலைத்த பாட்டெல்லாம் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்தவை, இனி ஒன்றும் வராது" என்பவர்களுக்கு மரியா கேரியின் 1994 பாட்டும் வாம் குழுவின் 1984 பாட்டுமே பதில். ஆனால் அந்த இரண்டும் மேலே வந்த விதம் வழக்கமான பாப் பாட்டுகளுக்குப் பொருந்தாதது. சோதனையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் ஆண்டுக் கணக்கை ஒதுக்கி வையுங்கள்

"ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ" 1994இல் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது 2019 டிசம்பரில். பிரிட்டனில் அதற்கும் ஓராண்டு கழித்து. "லாஸ்ட் கிறிஸ்துமஸ்" 1984இல் பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடம் வந்தது 2021 ஜனவரி முதல் நாளில். பிரெண்டா லீ தம் 13ஆம் வயதில், 1958இல், பதிவு செய்த "ராக்கிங் அரௌண்ட் த கிறிஸ்துமஸ் ட்ரீ" வெளியான ஆண்டில் சரியாக விற்கவே இல்லை. 65 ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், ஹாட் 100இன் உச்சிக்குப் போனது.

மறுபக்கத்தையும் பாருங்கள். பிரிட்டனில் லாட்பேபி என்ற பெயரில் வந்த வேடிக்கைப் பாடல்கள் 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கிறிஸ்துமஸ் வார முதலிடத்தைப் பிடித்தன. நற்பணிக்கு நிதி திரட்ட வந்தவை அவை. வந்த வேலையை முடித்தன, அவ்வளவுதான். 1987இல் வந்த "ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்" பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் அது இல்லாத டிசம்பரை அங்கே யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு பாட்டு பழுக்க 25, 36 ஆண்டுகள் ஆகும் என்று இந்த எண்களிலிருந்து முடிவு கட்டிவிடுவார்கள். பாதிக் காரணம் கணக்கெடுக்கும் முறை மாறியதுதான். முன்பு இசைத்தட்டை ஒருமுறை வாங்கினால் ஒருமுறைதான் கணக்கு. பிறகு வீட்டில் எத்தனை டிசம்பர் அது சுழன்றாலும் பட்டியலுக்குத் தெரியாது. ஸ்ட்ரீமிங் வந்த பின் ஒவ்வொரு தடவை கேட்பதும் எண்ணப்படுகிறது. கேரியின் பாட்டுக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1994இல் அமெரிக்காவில் அது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விற்பனைக்கு வரவில்லை. அப்படிப்பட்ட பாட்டுக்கு ஹாட் 100இல் இடமில்லை என்ற விதி 1998 டிசம்பரில்தான் நீங்கியது. ஆக, 2019இல் நடந்தது பாட்டு வளர்ந்த கதை மட்டுமல்ல, பட்டியல் அதைக் கண்டுகொண்ட கதையும்கூட. இன்று வரும் பாட்டுக்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஐந்து டிசம்பரில் ஒரு திசை தெரிந்துவிடும்.

திசையைப் பார்க்க ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்டு, பட்டியலில் முதலில் தலைகாட்டிய வாரம், எட்டிய உச்ச இடம், இருந்த வாரங்கள். ஹாட் 100, பண்டிகைப் பாடல்களை மட்டும் வரிசைப்படுத்தும் பில்போர்டின் ஹாலிடே 100, பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பட்டியல் மூன்றையும் எடுங்கள். ஹாலிடே 100 தொடங்கியது 2011இல். அதற்கு முந்தைய பாட்டுகளின் இளமைக் காலத்தை அதில் தேடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டில் சரிவது இயல்பு, பயப்பட வேண்டாம். விளம்பரமும் பேட்டிகளும் நின்றுவிட்டன என்பதே அதன் பொருள். மூன்றாம் ஆண்டு இரண்டாம் ஆண்டைவிட மேலே இருக்கிறதா என்பதே கேள்வி. உச்ச இடத்தைவிட இரண்டாவது கட்டம் நல்ல சாட்சி: டிசம்பர் நடுவில் தலைகாட்டிய பாட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் நவம்பர் கடைசிக்கு நகர்ந்து வந்தால், மக்கள் தாங்களாகவே அதைத் தேடிப் போடுகிறார்கள் என்று அர்த்தம். பாடகர் புது ஆல்பமோ சுற்றுப்பயணமோ அறிவித்த ஆண்டு என்றால் அந்த ஆண்டின் எண்ணைப் பாதியாகவே மதியுங்கள்.

ஒரே தளத்தில் மட்டும் கிடைத்த பாட்டுகளைத் தனியாகக் குறியுங்கள். எல்லி கோல்டிங் பாடிய "ரிவர்" அமேசானில் மட்டும் வெளியாகி, 2019 டிசம்பர் கடைசியில் பிரிட்டனின் முதலிடத்துக்குப் போனது. பின்னர் அந்த உயரத்தை அது தொடவில்லை. ஒரு நிறுவனம் தன் பண்டிகைத் தொகுப்பின் தலைமாட்டில் வைத்து ஓட்டும் பாட்டைக் கேட்பதும், பெயர் சொல்லிக் கேட்பதும் பட்டியலில் ஒன்றுபோலத் தெரியும். காலத்தின் முன் அவை ஒன்றல்ல.

ஒரு பியானோ, நாலு சாதாரணக் குரல்

இது ஓர் அறைக்குள் செய்யக்கூடிய சோதனை. பாடத் தெரியாத நாலைந்து பேரைக் கூட்டுங்கள். பியானோ அல்லது கிதார் மட்டும் வைத்துப் பல்லவியை இரண்டு முறை பாடிக் காட்டுங்கள். மூன்றாம் முறை நடுவில் நிறுத்திவிடுங்கள். அவர்கள் தொடர்ந்தால் மெட்டு ஒட்டியிருக்கிறது. சொற்களை விட்டு மெட்டை மட்டும் முனகினாலும் தேர்ச்சிதான். சொல் ஞாபகம் இருந்து மெட்டு நழுவினால் தேறாது.

பயிற்சியில்லாத கூட்டம் சிரமப்படாமல் பாடக்கூடிய வீச்சு ஓர் ஆக்டேவும் (ஸ்தாயியும்) அதற்கு மேல் இரண்டு மூன்று ஸ்வரமும். பியானோவின் நடு சி-க்குக் கீழுள்ள ஏ முதல், நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் மேலுள்ள சி-யைத் தாண்டிய டி வரை. பழைய கேரல்கள் பெரும்பாலும் இதற்குள்ளேயே புழங்குகின்றன. "கேரியின் பாட்டு இதைத் தாண்டுகிறதே" என்று கேட்கலாம். தாண்டுகிறதுதான். ஆனால் கூட்டம் முழுப் பாட்டையும் பாடுவதில்லை. தலைப்பு வரியையும் பின்னணிக் குரல்களின் பதிலையும் எடுத்துக்கொள்கிறது, உச்ச ஸ்வரத்தை மரியாவிடமே விட்டுவிடுகிறது. எனவே வீச்சை அளக்கும்போது பாட்டு முழுவதையும் அளக்காதீர்கள், மக்கள் பறித்துக்கொள்ளும் வரியை அளங்கள்.

அந்த வரியே பிருகாக்களால் ஆனதாக இருந்தால்தான் சிக்கல். பிருகாவை உதிர்த்துவிட்டுத் தட்டையாகப் பாடிப் பாருங்கள். மிச்சம் இரண்டு ஸ்வரம் மட்டும் என்றால் அது ஒரு குரலின் சாகசம். அந்தக் குரல் ஓய்ந்ததும் பாட்டும் ஓயும்.

கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையில் எளிமைதான் வெல்லும் என்று விதி கிடையாது. "லாஸ்ட் கிறிஸ்துமஸ்" முழுக்க டி மேஜர், பி மைனர், ஈ மைனர், ஏ மேஜர் என்ற நான்கே கார்டுகளின் சுழற்சி. சரணத்துக்கும் அதுவே, பல்லவிக்கும் அதுவே. கிதார் தொட்டு ஒரு மாதமானவர்கூட வாசித்துவிடலாம். கேரியின் பாட்டோ ஜாஸ் சாயலுள்ள நாற்பதுகளின் பாடல்களிலிருந்து கடன் வாங்குகிறது: மேஜர் பாட்டின் நடுவே நான்காம் கார்டு மைனராகச் சாய்வது அதில் முக்கியமானது. சி மேஜரில் எஃப் மேஜரை அடுத்து எஃப் மைனரை வைத்துப் பாருங்கள். மகிழ்ச்சிக்குள் ஒரு சின்ன ஏக்கம் எட்டிப் பார்க்கும். இதை இன்று எல்லோரும் தூவுகிறார்கள். இந்தக் கார்டையும் ஸ்லே மணிகளையும் (பனிச்சறுக்கு வண்டியின் சலங்கை ஒலி) எடுத்துவிட்டால் அது கிறிஸ்துமஸ் பாட்டு என்று தெரியவில்லை, பாட்டாகவும் நிற்கவில்லை என்றால், போட்டிருப்பது வெறும் வேஷம்.

இதன் தொடர்ச்சியாக, வேறு யார் பாடியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியான பாட்டை உரிய கட்டணம் செலுத்தி எவரும் மறுபதிவு செய்யலாம். ஆகவே மறுபதிவுகள் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் உரிமைச் சிக்கல் அல்ல, ஆர்வமின்மை. எண்ணிக்கையைவிட வகையைப் பாருங்கள். பத்துப் பேரும் அதே வேகத்தில் அதே அமைப்பில் பாடியிருந்தால் அது நகல். ஒருவர் மெதுவாக, ஒருவர் நாட்டுப்புறப் பாணியில், ஒரு பள்ளிக் குழு நான்கு குரல் அமைப்பில் பாடியிருந்தால் பாட்டு முதல் பாடகரை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டது.

வரிகளில் தேதி ஒட்டியிருக்கிறதா?

வரிகளை அச்செடுத்துப் பெயர்ச்சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். செயலியின் பெயர், கைபேசி மாதிரி, அந்த ஆண்டின் கொச்சை, 2020இன் முடக்கம்: இவற்றில் ஒன்று சரணத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பல்லவியில் இருந்தால் பாட்டு அந்த ஆண்டோடு கட்டுண்டுவிடும்.

இர்விங் பெர்லின் எழுதிய "ஒயிட் கிறிஸ்துமஸ்" இதற்கு நல்ல பாடம். லாஸ் ஏஞ்சலஸின் வெயிலையும் பனைமரங்களையும் சொல்லும் முகப்புச் சரணம் ஒன்று அதற்கு இருந்தது. 1942இல் பிங் கிராஸ்பி பதிவு செய்த வடிவத்தில் அது இல்லை. ஊர் உதிர்ந்ததும், வீட்டைப் பிரிந்திருக்கும் எவருக்கும் அது சொந்தமானது, போர்க்காலம் வேறு.

பனியும் சான்டாவும் இருந்தே ஆக வேண்டும் என்பதும் தவறு. 1857இல் அச்சான "ஜிங்கிள் பெல்ஸ்" வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. "லாஸ்ட் கிறிஸ்துமஸ்" வரிகளில் பனியும் இல்லை, சான்டாவும் இல்லை. காதல் முறிவுப் பாட்டு அது. கேரியின் பாட்டு பண்டிகைப் பொருள்களை வரிசையாக அடுக்குகிறது, எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளுவதற்காக. "ஒயிட் கிறிஸ்துமஸ்", "லாஸ்ட் கிறிஸ்துமஸ்", கேரியின் பாட்டு மூன்றிலும் பாடுபவருக்குக் கிட்டாத ஒன்று இருக்கிறது: ஊர், பழைய காதல், அந்த ஒருவர். புதுப் பாட்டிலும் இதைத் தேடுங்கள். "எல்லாம் இருக்கிறது, எல்லோரும் இருக்கிறோம், வாருங்கள் கொண்டாடுவோம்" என்று மட்டும் சொல்லும் பாட்டு விளம்பரத்துக்குப் பொருத்தம், இரண்டாம் டிசம்பருக்குக் கொஞ்சம் மெலிவு.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. பழைய ஒலி வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1984இன் லின்டிரம் தாள எந்திரமும் ரோலண்டு ஜூனோ-60 சின்தசைசரும் "லாஸ்ட் கிறிஸ்துமஸ்" முழுக்க அப்பட்டமாகக் கேட்கின்றன, அதனால் அது கெடவில்லை. செய்யவேண்டிய சோதனை: சின்ன ஒலிபெருக்கியில், குறைந்த ஒலியில், பேச்சுச் சத்தத்துக்கு நடுவே ஓடவிடுங்கள். முக்கால் நிமிடத்துக்குள் தலைப்பு வரி காதில் விழ வேண்டும். விழாததற்கு அடிக்கடி காரணமாவது அளவுக்கு மீறிய ஸ்லே மணி. அதன் ஓசை, 'ச', 'ட' போன்ற மெய்யொலிகள் தெளிவாகும் உயர் அலைவரிசையிலேயே குவிகிறது. மணியை அரை அளவு குறைத்தால் சொல் வெளியே வரும்.

எந்த வாசல் வழியாக உள்ளே வரும்?

நல்ல பாட்டும் வாசல் இல்லாமல் வெளியிலேயே நின்றுவிடலாம். இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கிறிஸ்துமஸ் ஆல்பம் 1963 நவம்பர் 22 அன்று, கென்னடி சுடப்பட்ட அதே நாளில் வெளியானது. அந்த டிசம்பரில் அதைக் கேட்க யாருக்கும் மனமில்லை. அதிலிருந்து ஒரு பாட்டைப் பாடகி டார்லின் லவ், டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் 1986 முதல் 2014 வரை ஏறக்குறைய டிசம்பர்தோறும் பாடி வந்தார். பிரெண்டா லீயின் பாட்டை 1990இன் "ஹோம் அலோன்" படம் புதுத் தலைமுறைக்குக் கொண்டுபோனது. பாடகி சியாவின் 2017 பாட்டு "ஸ்னோமேன்", அதன் ஒரு பகுதியை ஒரே மூச்சில் பாடிக் காட்டும் டிக்டாக் போட்டியால் 2020 கடைசியில் பரவியது.

வாசலைக் கண்டதும் கேளுங்கள்: இது ஆண்டுதோறும் திறக்குமா, ஒருமுறை மட்டுமா? படம் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகும். டிக்டாக் போட்டி பெரும்பாலும் ஒரே பருவம்; அதற்குப் பின் பாட்டு தன் காலில் நிற்க வேண்டும்.

இடநெருக்கடியையும் கணக்கில் சேருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் பட்டியல்களின் மேல்வரிசையைப் பல பத்தாண்டுப் பழைய பாட்டுகளே பெரும்பாலும் அடைத்துக்கொள்கின்றன. அந்த நெருக்கடியிலும் கெல்லி கிளார்க்சனின் "அண்டர்னீத் த ட்ரீ" (2013), அரியானா கிராண்டேயின் "சான்டா டெல் மீ" (2014) இரண்டும் பத்து ஆண்டு தாண்டியும் ஏறுமுகமாகவே இருந்திருக்கின்றன. முதலாவது, பல வாத்தியங்களை அடுக்கிச் சுவர்போல் ஒலிக்கவிடும் ஸ்பெக்டர் பாணியின் நேரடி வாரிசு. இரண்டாவது தன் காலத்து ஆர் அண்ட் பி ஒலியில் நிற்கிறது, போன ஆண்டு ஏமாந்த ஒருத்தியின் தயக்கத்தைப் பாடுகிறது. மேலே சொன்ன வரிச் சோதனையில் இரண்டாவதுக்கே கூடுதல் மதிப்பெண். நான்கு குரல் பாடகர் குழுவுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டுமென்றால் முதலாவது எளிது.

மூன்று டிசம்பர்கூட ஆகாத பாட்டுக்குத் தாளில் தீர்ப்பு எழுத வேண்டாம். அறைச் சோதனையின் முடிவையும் அடிக்கோடிட்ட சொற்களையும் மட்டும் குறித்து வையுங்கள். மூன்றாம் டிசம்பர் முடிந்து, ஜனவரி இரண்டாம் வாரத்தில், பட்டியல்கள் வழக்கத்துக்குத் திரும்பிய பின் எண்களை நிரப்பி, ஐந்தாம் டிசம்பருக்குப் பின் மறுபடி பாருங்கள்.